எண்ணெய் தீரும் நாளுக்குச் சேர்த்து வைத்தவர்

பெட்ரோல் விற்றுப் பிழைத்த ஒருவர், பெட்ரோல் போட வந்தவர்களிடமே "நடந்து போங்களேன்" என்று சொல்வதை நான் கொடைக்கானலில்தான் பார்த்தேன். சீசனுக்கு வந்திறங்கிய மதுரை வக்கீல் யாராவது பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தி, ஏரியைச் சுற்றிவரக் கிளம்பியதாகச் சொல்வார். இவர் பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடி, "ஏரி மூணு மைலுங்க சார். வெயிலும் இல்ல. இதுக்குப் போயி எண்ணெயை எரிக்கணுமா?" என்பார். வக்கீலுக்குச் சிரிப்பு வரும். பங்கு முதலாளிக்கு வராது. "யோவ், நீ யாவாரம் பண்ண வந்தியா, உபதேசம் பண்ண வந்தியா?" என்று உள்ளேயிருந்து சத்தம் கேட்கும். இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பம்பை அடிக்க ஆரம்பிப்பார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஊரில் இன்னும் மிச்சமிருக்கும் இரண்டு பேர், "ஓ அவரா, அந்த டாக்ஸிக்காரனால குடும்பம் அழிஞ்சு போச்சே, அவரா?" என்பார்கள். அந்த டாக்ஸிக்காரன் நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் நான் டாக்ஸி ஓட்ட ஆரம்பித்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய அமெரிக்கக் கார் அது. காலனுக்குப் பதினைந்து மைல் ஓடினால் அன்றைக்கு அது நல்ல மனநிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அதனால் தினமும் பங்கில் அவர் முகத்தில் விழித்தாக வேண்டும். அவருக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். ஒட்டன்சத்திரத்துப் பக்கம் வானம் பார்த்த பூமியிலிருந்து மலையேறி வந்தவர். மலைக்கு வந்து அஞ்சாறு வருஷம் ஆகியும் தலையில் கம்பளித் தொப்பி போட மாட்டார், துண்டுதான். அவருக்கு ஒரே பேச்சு. உலகத்தில் எண்ணெய் தீரப்போகிறது.

டூரிஸ்ட் வராத மழைக்கால மத்தியானங்களில் எங்கள் இருவருக்கும் வேறு சோலி கிடையாது. பங்கின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வாதம் செய்வோம். பனிமூட்டம் ரோட்டை மூடியிருக்கும். எதிரில் இருக்கும் ரொட்டிக் கடை தெரியாது. நான் ஆரம்பிப்பேன்.

"எண்ணெய் எப்படிண்ணே தீரும்? பூமிக்குள்ள ஊறிக்கிட்டேதான இருக்கும், ஊத்துத் தண்ணி மாதிரி."

"ஊத்து ஊறணும்னா மேல இருந்து மழை எறங்கணும் தம்பி. எண்ணெய் மழை பெஞ்சு நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"அரபு தேசத்துல கடல் மாதிரி கெடக்காம்ல."

"கெடக்குறது வேற, ஊறுறது வேற. எங்க தாத்தா முப்பது அடியில தண்ணி எறச்சாரு. எங்கப்பா அறுபது அடி. நான் தொண்ணூறு அடி வரைக்கும் வெட்டிப் பாத்தேன், பாறைதான் கெடந்துச்சு. அந்தக் கெணத்த விட்டுட்டுத்தான் மலைக்கு வந்தேன். ஒரு கெணறு வத்துனா இன்னொரு எடத்துல வெட்டலாம். பூமியே வத்திருச்சுன்னா எங்க போயி வெட்டுறது?"

நான் சிரித்துவிட்டு, "அப்பப் பாத்துக்கலாம்ணே" என்பேன். இந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு ஆகவே ஆகாது. முகம் கறுத்துவிடும். எழுந்துபோய், துடைத்த பம்பையே மறுபடியும் துடைப்பார்.

யுத்த காலத்தில் அவர் சமவெளியில் கரி பஸ் ஓட்டியவர். பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் இரும்பு அடுப்பை மாட்டி, கரி போட்டு, அதன் புகையில் எஞ்சினை ஓடவிட்டார்கள். சின்ன மேட்டைப் பார்த்தாலே ஜனங்களை இறக்கிவிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டுமாம். ஒருமுறை பிரசவத்துக்குப் போன ஒரு பெண் அந்த பஸ்ஸிலேயே, இவர் கரி கிளறிக்கொண்டிருக்கும்போதே, செத்துப்போயிருக்கிறாள். அதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அது ஒத்திகை தம்பி. நெசம் இனிமேத்தான் வரும்" என்றார்.

பூமியிலிருந்து எண்ணெய் பொங்கும் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மிஷன் பாதிரியார் பங்குக்கு வருவார். நல்ல தமிழ் பேசுவார். அவரிடம் இவர் விடாமல் கேட்பார்: "அய்யா, உங்க ஊர்ல இன்னும் எத்தன நாளைக்கு வரும்?" ஒருநாள் பாதிரியார் சிரித்துக்கொண்டே, "எங்கள் ஊரில் தோண்டத் தோண்ட வருகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து இவரைப் பார்த்தேன். "தோண்டத் தோண்ட வருதுன்னா என்ன அர்த்தம்? தோண்டாம வரலைன்னு அர்த்தம். மேலாக்க இருந்தது முடிஞ்சு போச்சு" என்றார். இப்படிப்பட்ட மனிதரிடம் வாயைக் கொடுத்து மீள முடியுமா?

வீட்டிலும் இதே கூத்துதான். அட்டுவம்பட்டி போகும் வழியில் இரண்டு அறை வீடு. மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றே ஒன்று. எதிரில் நிற்பவர் முகம் மறைந்த பிறகுதான் அதை ஏற்ற வேண்டும் என்பது சட்டம். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். எனக்கு அங்கே வாரத்தில் இரண்டு நாள் சாப்பாடு. "தம்பி, தட்டுல கொழம்பு விழுகுதா, தரையில விழுகுதான்னு நீங்களே பாத்துக்கங்க. உங்க அண்ணன் ஒலகத்தக் காப்பாத்திக்கிட்டு இருக்காரு" என்று பரிமாறுவார். ஒரே மகள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடும். வாதத்தில் எப்போதும் என் பக்கம். "அப்பா, பூமி உங்ககிட்ட மட்டும் ரகசியம் சொன்ன மாதிரி பேசாதீங்க" என்று அது சொன்னால் மட்டும் அவர் சிரிப்பார்.

அவர் பெட்ரோல் சேர்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து பம்பில் மேலே கண்ணாடிக் குடுவை இருக்கும். கையால் அடித்தால் அதில் பெட்ரோல் ஏறும். அளந்தபின் ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு இறங்கும். கார் போனபிறகு குழாயில் கொஞ்சம் தங்கியிருக்கும். மற்ற ஊர்களில் அதைக் கீழே உதறிவிடுவார்கள். இவர் குழாயைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை ஒரு டப்பாவில் வடிப்பார். முதலாளியிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தார். முதலாளியும், எப்படியோ தரையில் ஊற்றுவது, வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார். சீசனில் நாள் முழுக்க வடித்தால் ஒரு தம்ளர் தேறும்; மற்ற நாளில் அதில் பாதிகூட வராது. சாயங்காலம் அதைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் நாலு காலன் தகரத்தில் ஊற்றி, மூடியைச் சுற்றி மெழுகு பூசி, மேலே சாக்குப் போட்டு மூடுவார். மறுநாள் மெழுகைச் சுரண்டித் திறந்து, மறுபடி ஊற்றி, மறுபடி மூடுவார். கொடைக்கானல் பனி அந்தக் கொட்டகைக்குள் தாராளமாகப் போய்வரும். வருஷக்கணக்கில் இப்படி மூன்று தகரம் நிறைந்துவிட்டது.

"எதுக்குண்ணே இது?"

"ஒரு நாள் எல்லா பங்கும் காஞ்சு கெடக்கும். அன்னிக்கி ஒரு உசுருக்கு ஒதவும்."

ஐம்பத்தாறில் அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு, கட்டிக்கொடுத்திருந்த பெரியகுளத்திலிருந்து வந்திருந்தது. ஐப்பசி மழை அந்த வருஷம் விட்டேனா பார் என்று பிடித்துக்கொண்டது. பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. பத்து நாள் எந்த வண்டியும் மேலே ஏறவில்லை. பெட்ரோல் லாரி வராததால் பங்கு காலி. அடுக்கம் ஒற்றையடிப் பாதை வழியாகத் தபாலை ஆள் சுமந்து வந்தான். அந்தத் தபால் கட்டோடு வந்த பழைய பேப்பரில், எங்கோ ஒரு கால்வாயை அடைத்துவிட்டார்கள், எண்ணெய்க் கப்பல்கள் நிற்கின்றன என்று போட்டிருந்தது. அவர் அதைக் காலியான பம்புக்குப் பக்கத்தில் நின்று எனக்கு உரக்கப் படித்துக்காட்டினார். அந்த வரியையே மறுபடியும் மறுபடியும் படித்தார். பயமா, சந்தோஷமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"நாள் வந்துருச்சு தம்பி."

"ரோட்டுல மண்ணு கெடக்குண்ணே. மண்ண அள்ளுனா லாரி வரும்."

"லாரி வரும். அதுல எண்ணெய் வராது."

அதுதான் நாங்கள் கடைசியாகச் செய்த வாதம்.

இரண்டு நாள் கழித்து மகளுக்கு வலி கண்டது. பொழுது விடிந்ததிலிருந்து பார்த்துவிட்டு, மருத்துவச்சி அம்மாள் கையை விரித்துவிட்டார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கத்தி வைக்கத் தெரிந்த டாக்டர் வேண்டும், மழைக்கு முன் கீழே போன டாக்டர் திரும்பவில்லை, மதுரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். நல்லவேளையாக முந்தின நாள்தான் கூலியாட்கள் ஒரு கார் நுழையும் அளவுக்கு மண்ணை ஒதுக்கியிருந்தார்கள். என் டேங்கில் முக்கால் காலன் இருந்தது. மதுரைக்கு ஐந்து காலனாவது வேண்டும்.

அதற்குள் அவர் இரண்டு தகரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மூன்றாவதைக் கொட்டகையிலேயே விட்டிருந்தார். மூடியைத் திறந்ததும் என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அது பெட்ரோல் வாசனை இல்லை. பழைய வார்னிஷ் வாசனை. நிறமும் கறுத்திருந்தது. நான் அவரைப் பார்த்தேன்.

"அண்ணே, இருக்குறத வச்சு வத்தலக்குண்டு வரைக்கும் போயிருவோமா? அங்க பங்கு இருக்கு, போட்டுக்கலாம்."

"கீழயும் இருக்காது தம்பி. ஒலகத்துலயே இல்லங்கிறான் பேப்பர்ல. வெரசா ஊத்துங்க."

ஐந்து வருஷமாக மறுத்துப் பேசியவன் நான். அன்று ஒப்புக்கொண்டேன். உள்ளே அந்தப் பிள்ளை முனகுவது கேட்டது. அவர் முகத்தில் இருந்த நிச்சயத்துக்கு எதிராக என் மூக்கு சொன்னதை வைத்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு தகரத்தையும் ஊற்றினேன்.

மதினி பின் ஸீட்டில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் இருமிக்கொண்டே பெருமாள்மலை வரை போனது. மண் சரிந்த இடத்தைத் தாண்டியதும், "எஞ்சின அணைச்சிருங்க தம்பி. கீழ வரைக்கும் மலையே கூட்டிட்டுப் போகும். எண்ணெய் மதுரைக்கு வேணும்" என்றார். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து ஓட்டும் டிரைவர்களை நான் கேலி செய்பவன். அன்று அணைத்தேன். ஊத்து, டம்டம் பாறை என்ற இடங்களைத் தாண்டி, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்து மிதித்து உருண்டு இறங்கினோம். கார் சத்தமில்லாமல் போனதால் அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு மூச்சும் கேட்டது. "சித்தப்பா, வந்தாச்சா?" என்று இரண்டு தடவை கேட்டது. "இந்தா வந்தாச்சு, கண்ணு" என்றேன்.

மலை அடிவாரத்துக் காட்ரோட்டில் முடிந்தது. அதற்கப்புறம் சமதரை. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடிக்கவில்லை. இறங்கி, எஞ்சினைக் கிளப்பும் கம்பியை முன்னால் மாட்டிச் சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்குச் சுற்றினேன். பானட்டைத் திறந்து கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே சிவப்பாகப் பிசின். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. விரலை விட்டேன், ஒட்டிக்கொண்டது. அவர் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் விரலைச் சட்டென்று கால்சட்டையில் துடைத்துவிட்டேன்.

"என்னாச்சு தம்பி?" என்று உள்ளேயிருந்து மதினி கேட்டார்.

மதினியின் பக்கம் திரும்பாமல் அவர் என்னைப் பார்த்தார். மகள் மதினியின் மடியில் கிடக்கிறது. அந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தவர் பக்கத்தில் நிற்கிறார். நான் என்ன சொல்ல முடியும்?

"என் வண்டி காலை வாரிருச்சு மதினி. பழைய வண்டி."

பத்து நாள் மூடிக்கிடந்த ரோட்டில் எந்த வண்டியும் வரவில்லை. நான் வத்தலக்குண்டை நோக்கி ஓடினேன். இரண்டு மைல் தாண்டி ஒரு மாட்டு வண்டி கிடைத்தது. அதைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. வண்டியில் ஏற்றினோம். வத்தலக்குண்டு எல்லை வருமுன் அந்தப் பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது. வயிற்றில் இருந்ததும் போய்விட்டது.

வத்தலக்குண்டு பங்கில் பெட்ரோல் இருந்தது. நாங்கள் அந்த மாட்டு வண்டியில் பிணத்தோடு அதைக் கடந்தபோது, ஒரு பையன் பாட்டுப் பாடிக்கொண்டே யாருடைய காருக்கோ பம்ப் அடித்துக்கொண்டிருந்தான். என் டேங்கில் இருந்த முக்கால் காலன் நல்ல பெட்ரோலில் அந்தப் பழசைக் கலக்காமல் இருந்திருந்தால், மலை முழுக்க உருண்டு வந்துவிட்டு, காட்ரோட்டில் எஞ்சினைப் போட்டு இங்கே வரை வந்திருப்போம். இந்தக் கணக்கை நான் எத்தனை ஆயிரம் தடவை போட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் வண்டி வத்தலக்குண்டுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

மதினி என்னை மன்னிக்கவில்லை. ஊரெல்லாம் சொன்னார். "ஓடாத வண்டிய ஓட்டிப் பொழைக்கிறவன், எம்புள்ளய நடு ரோட்டுல சாக விட்டான்" என்று சந்தையில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். என் டாக்ஸியில் யாரும் ஏறவில்லை. அதை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் லாரியில் டிரைவராகச் சேர்ந்தேன். கல்யாணத்துக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டாரும் பின்வாங்கிவிட்டார்கள். போகட்டும். அந்த மனிதருக்காகத்தானே என்று நினைத்துக்கொள்வேன். உண்மை தெரிந்தால் அவர் அந்தக் கொட்டகையிலேயே தூக்கு மாட்டிக்கொள்வார் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்கிற ஒரு கர்வம்கூட எனக்குள் இருந்தது.

அவர் மாறிப்போனார். எண்ணெயைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். ஏரிக்குக் காரில் போகிறவர்களைத் தடுக்கவில்லை. குழாயில் தங்குவதைத் தரையில் உதறினார். நான் லாரியை நிறுத்தினால், "வாங்க தம்பி" என்பார். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. மகள் போன துக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பதினோரு வருஷம் கழித்து ஒரு சீசன் காலை. நான் லாரிச் சக்கரத்துக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தேன். சீசனுக்கு வந்த ஒருவர் தன் பங்களாவில் கிடந்த பழைய பெட்ரோல் டின் ஒன்றைக் கொண்டுவந்து, காரில் ஊற்றித்தரச் சொன்னார். இவர் மூடியைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"இத ஊத்தாதீங்க சார். ரெண்டு மழக்காலம் பாத்த எண்ணெய். பிசினாப் போயிருக்கும். மலையில உருண்டு எறங்கிரும், கீழ போனா எஞ்சின் பிடிக்காது."

நான் காற்றுக் குழாயைக் கீழே போட்டுவிட்டேன். கார் போகும்வரை காத்திருந்தேன். அவர் என்னை அப்போதுதான் பார்த்தார்.

"எப்பத் தெரியும்ணே?" என்றேன்.

அவர் பம்பின் குழாயைக் கொக்கியில் மாட்டினார். "காட்ரோட்டுலயே தெரியும் தம்பி. உங்க வெரல்ல ஒட்டுச்சே, பாத்தேன்" என்றார்.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீங்க வண்டின்னு சொன்னீங்க. சரின்னுட்டேன்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ எங்கூடத்தான ஒரே வீட்ல இருக்கணும் தம்பி. நான்தான்னு தெரிஞ்சா எனக்குச் சோறு போடுவாளா? வேற யாரு இருக்கா எனக்கு?"

எனக்கு வந்த ஆத்திரத்தை மறைக்க விரும்பவில்லை. பதினோரு வருஷம் என் தலையில் மண் விழுந்ததை இந்த ஆள் தினமும் பார்த்துக்கொண்டு, "வாங்க தம்பி" என்று சொல்லியிருக்கிறார். ஒரு அறை விடலாம் போல இருந்தது. ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியன்? அன்று காலையில் அந்தத் தகரத்தைத் திறந்ததுமே எனக்குத் தெரியுமே. நான் அதை அவரிடம் சொல்லவில்லையே. "இப்பயாச்சும் மதினிகிட்ட நீங்களே சொல்லிருங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். அவர் சொல்லவில்லை. நான் அதற்கப்புறம் அந்த பங்கில் வண்டியை நிறுத்தவில்லை.

மறுவருஷம் மார்கழியில் அவர் செத்துப்போனார். நெஞ்சில் சளி என்றார்கள். ஒட்டன்சத்திரத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தேன். தூக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். பாடை தூக்கும் நாலு பேரில் ஒரு ஆள் குறைந்தது. யாரோ என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து பாடையில் கை வைத்தேன்.

"அவன் கை படக்கூடாது" என்றார் மதினி. சத்தம்கூடப் போடவில்லை. "எம்மகளக் கொன்ன கை. எம்புருசனையும் தொட வேண்டாம்."

கூட்டம் என்னைப் பார்த்தது. சொல்லிவிட இரண்டு வார்த்தை போதும். அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மதினியைப் பார்த்தேன். இனி அந்த வீட்டில் தனியாக இருந்து, மகளோடு சேர்த்து நினைத்து அழ அவருக்கு இவர் ஒருவர்தான் மிச்சம்.

கையை எடுத்துக்கொண்டேன். வேறொருவன் வந்து தோள் கொடுத்தான். நான் எல்லோருக்கும் பின்னால், யார் கண்ணிலும் படாத தூரத்தில், சுடுகாடு வரை நடந்து போனேன்.